தூள் கிளப்பிய வரலாறு

1877 ஜூலை 11. பூஞ்சார் ராஜா ஒரு மலையை வாடகைக்கு விட்டார். ஒரு மலை என்று சொல்வது பேச்சுக்குத்தான். கண்ணன் தேவன் மலை, அஞ்சுநாடு என்று மொத்தம் 1,36,000 ஏக்கருக்கு மேல். முன்பணம் 5,000 ரூபாய், அப்புறம் ஆண்டுக்கு 3,000 ரூபாய். கணக்குப் போட்டால் ஏக்கருக்கு ஒன்றரைக் காலணாகூடத் தேறாது. இன்றைக்கு அதே மூணாறில் சீசன் சமயத்தில் 3,000 ரூபாயை நீட்டினால் ஒரு ராத்திரிக்கு அறை கிடைக்கலாம். ஜன்னலைத் திறந்தால் மலை தெரிய வேண்டும் என்றால் மேலே போட்டுக் கொடுக்க வேண்டும்.

வாடகைக்கு எடுத்தவர் ஜான் டேனியல் மன்றோ. திருவிதாங்கூர் சர்க்காரில் ஏலமலைக்குச் சூப்பரின்டெண்டென்ட். உத்தியோகப்படி அவர் கவனிக்க வேண்டியது ஏலக்காயை. அவர் கவனித்தது காலி மனையை. காலி மனை என்று அவராக நினைத்துக்கொண்டார். முதுவர்கள் காலங்காலமாக அங்கேதான் குடியிருந்தார்கள். மதுரையிலிருந்து மீனாட்சியை முதுகில் சுமந்துகொண்டு மலையேறியவர்கள் நாங்கள் என்று தங்கள் கதையைச் சொல்பவர்கள். அவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டைக் கைமாற்றும்போது குடியிருப்பவரைக் கேட்கும் வழக்கம் நம் நாட்டில் என்றைக்கு இருந்தது?

பத்திரம் போட்டாயிற்று. மலையில் என்ன பயிரிடுவது? 1879-இல் துரைமார் சேர்ந்து வடக்குத் திருவிதாங்கூர் நில, தோட்ட, வேளாண்மைச் சங்கம் என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு டீ ஆறிவிடும். ஆனால் டீதான் அப்போது கிடையாது. ஆளுக்கொரு பக்கம் காப்பி வைத்தார்கள், சிங்கோனா வைத்தார்கள், ஏலம் வைத்தார்கள், நாருக்காகக் கற்றாழைகூட வைத்துப் பார்த்தார்கள். 1880-இல் ஏ.எச். ஷார்ப் என்பவர் பார்வதி என்ற இடத்தில் ஐம்பது ஏக்கரில் தேயிலை வைத்தார். உலகம் புகழும் மூணாறுத் தேயிலையின் தொடக்கம் இவ்வளவுதான்: இதையும் வைத்துப் பார்ப்போமே என்று ஒருவர் வைத்தது.

மூணாறு இருக்கும் இடுக்கியின் தலையெழுத்தை எழுதியது ராஜாவும் இல்லை, துரையும் இல்லை. ஒரு பூஞ்சணம். 1869-இல் இலங்கைக் காப்பித் தோட்டங்களில் இலைத்துரு நோய் தலைகாட்டியது. இலங்கைக் காப்பியைக் காலி செய்ததோடு நிற்காமல் தென்னிந்தியாவுக்கும் கடல் தாண்டி வந்தது. காப்பியில் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் ஒவ்வொருவராகத் தேயிலைக்குத் தாவினார்கள். அந்தப் பூஞ்சணத்துக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்லாமல் போயிருந்தால் மூணாறு இன்று காப்பி மலையாக இருந்திருக்கும். காப்பியே கதியென்று கிடக்கும் பாலக்காட்டு அக்ரகாரங்கள் ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே ஜெயித்திருக்கும்.

மூணாறு கொஞ்சம் காத்திருக்கட்டும், டீ வந்த வழியைப் பார்ப்போம். அது போன இடமெல்லாம் ஏதோ ஒரு பெரிய மனிதர் நின்றுகொண்டு, "அப்படிக் குடிக்காதே, இப்படிக் குடி" என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். டீயின் சரித்திரம் என்பதே பெரும்பாலும் அந்த அதட்டல்தான்.

முதல் அதட்டல் சீனத்தில், எட்டாம் நூற்றாண்டில். லூ யூ என்பவர் தேயிலை சாஸ்திரத்தை மூன்று சுருளில் எழுதினார். எந்தத் தண்ணீர், எந்த அடுப்பு, எந்தக் கிண்ணம், குமிழி எந்த அளவு வந்தால் இறக்குவது என்று எல்லாம் அதில் உண்டு. அவர் காலத்து ஜனங்கள் தேயிலையோடு இஞ்சி, வெங்காயத்தாள், இலந்தை, ஆரஞ்சுத்தோல், புதினா என்று கையில் கிடைத்ததைப் போட்டுக் கொதிக்க வைத்துக் குடித்தார்கள். அது சாக்கடைத் தண்ணீருக்குச் சமம் என்று தீர்ப்பு எழுதிவிட்டார். அவருக்கு உப்பு மட்டும் பரவாயில்லையாம். இந்த மனிதரைக் குமுளி பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிவந்து, இஞ்சியும் ஏலக்காயும் தட்டிப் போட்ட டீயைக் கையில் கொடுத்தால் என்ன ஆகும்? கல்லாவில் இருப்பவரிடம் புகார் நோட்டு கேட்பார். "சேட்டன் முதல்ல குடிச்சு நோக்கு" என்பார் கல்லாக்காரர். மழை பெய்துகொண்டிருந்தால் இரண்டாவது கிளாஸும் கேட்பார் என்பது நம் நம்பிக்கை.

அடுத்தவர் ஹுய்சோங் சக்கரவர்த்தி. 1107-இல் அரியணையில் உட்கார்ந்தபடி தேயிலையைப் பற்றி ஒரு நூல் எழுதினார். பொடியை எப்படி நுரை வரக் கடைவது என்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. எல்லையில் படை வருவதைக் கவனிப்பதில் அவ்வளவு தேர்ச்சி போதவில்லை. 1127-இல் ஜுர்சென்கள் வந்து அவரைக் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். டீக்கடையில் உட்கார்ந்து ஆட்சியை விமர்சிப்பவர்களை ஏளனமாகப் பார்ப்பவர்கள், ஆட்சியில் உட்கார்ந்து டீயை ஆராய்ந்தவரின் கதியையும் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

ஜப்பானில் சென் நோ ரிக்யு என்ற ஆசான், எளிமையே தேநீர் என்றார். இரண்டு பாய் விரிக்கும் அளவுக்கு ஒரு சின்ன அறை, குனிந்து நுழையும் வாசல், மண்கிண்ணம். அவருடைய எஜமான் ஹிதேயோஷி அதே காலத்தில் தங்கத் தகடு பதித்த ஒரு டீ அறையைச் செய்து, பிரித்து மாட்டும் வசதியோடு வைத்திருந்தார். எளிமைக்கும் தங்கத்துக்கும் எத்தனை நாள் ஒத்துப்போகும்? 1591-இல் ரிக்யுவை வயிற்றைக் கிழித்துச் சாகச் சொல்லி உத்தரவு வந்தது. காரணம் என்ன என்று அறிஞர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். நம் ஊரில் மாஸ்டரோடு மனஸ்தாபம் என்றால் அடுத்த கடைக்குப் போவதோடு சரி.

வெள்ளைக்காரர் கதை வேறு தினுசு. அவர்கள் முதலில் டீயைக் குடித்தார்கள். பிறகுதான் அதற்குக் காசு இல்லை என்று கண்டுபிடித்தார்கள். சீனா இலைக்கு வெள்ளி கேட்டது. வெள்ளிக்குப் பதிலாக இந்தியாவில் விளைந்த அபினைச் சீனத்துக்குள் கள்ளத்தனமாக இறக்கினார்கள். வேண்டாம் என்று சீனா சொன்னதும் 1839-இல் சண்டை. ஒரு நாட்டையே போதைக்கு ஆளாக்கிவிட்டு, அந்தப் பணத்தில் சாயங்காலம் நாலு மணிக்கு பிஸ்கட் சகிதம் உட்கார்ந்து நாகரிகம் பேசினார்கள். அதோடும் விடவில்லை. 1848-இல் ராபர்ட் ஃபார்ச்சூன் என்ற தோட்டக்கலைஞரைச் சீனத்துக்கு அனுப்பினார்கள். அவர் தலையை மழித்து, ஜடை வைத்து, சீனர் வேஷம் போட்டுக்கொண்டு உள்நாட்டில் நுழைந்து செடிகளையும் விதைகளையும் கொண்டுவந்து சேர்த்தார். இதற்குத் தாவரவியல் ஆராய்ச்சி என்று பெயர். நம் மறையூர் காட்டில் ஒருவர் ஒரு சந்தனக் கட்டையோடு பிடிபட்டால் அதற்கு வேறு பெயர்.

பீகாரில் அபின் துறையில் உத்தியோகம் பார்த்த ஒரு வெள்ளைக்காரருக்கு 1903-இல் மோதிஹாரியில் ஒரு பிள்ளை பிறந்தது. அந்தப் பிள்ளை வளர்ந்து ஜார்ஜ் ஆர்வெல் என்று பேர் எடுத்து, 1946-இல் நல்ல டீ போடுவதற்குப் பதினொரு விதிகள் எழுதியது. சர்க்கரை கூடாது, டீயை ஊற்றிவிட்டுத்தான் பால். அப்பா அபினைக் கவனித்தார், பிள்ளை டீயைக் கவனித்தது. குடும்பமாகச் சேர்ந்து கணக்கை நேர்செய்துவிட்டார்கள். பால் முதலிலா பிறகா என்ற வழக்கு அதோடு முடியவில்லை. டீயைச் சோதிக்க எப்படித் தயாரிப்பது என்று பிரிட்டிஷ் தர நிறுவனம் ஆறு பக்கத்துக்கு ஒரு விதிமுறை எழுதியது. 1980-இல் அதுவே ஐஎஸ்ஓ 3103 என்ற சர்வதேசத் தரமாயிற்று. நூறு மில்லிக்கு இரண்டு கிராம் இலை, ஆறு நிமிடம் ஊறல், பால் விடுவதென்றால் முதலில் பால். இந்த ஆறு பக்க இலக்கியத்துக்கு 1999-இல் இக் நோபல் என்ற கிண்டல் பரிசு, அதுவும் இலக்கியப் பிரிவில், கொடுக்கப்பட்டது. ஆறு நிமிடமாம்! போடிமெட்டில் பஸ் நிற்கும் நேரத்தில் டீ போட்டு, ஆற்றி, குடித்து, சில்லறை வாங்கி, ஓடிப்போய்ப் படியில் தொற்றிக்கொள்ள வேண்டும். இதற்கு ஐஎஸ்ஓவில் வழி இல்லை.

மற்றவர்கள் பாடும் இப்படித்தான். திபெத்தில் வெண்ணெயும் உப்பும் போட்டுக் கடைந்து குடிக்கிறார்கள். காஷ்மீரில் சோடா உப்பைப் போட்டுக் கொதிக்க வைத்து, பால் விட்டு, ரோஜா நிறத்தில் உப்பு டீ. ரஷ்யாவில் சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு மேலே டீயை உறிஞ்சுவார்கள். மொராக்கோவில் பச்சைத் தேயிலையும் புதினாவும் சர்க்கரையும் சேர்த்து, கை எட்டிய உயரத்திலிருந்து ஊற்றுகிறார்கள். துருக்கியர்கள் காப்பிக்குப் பேர்போனவர்கள். சாம்ராஜ்யம் போய், காப்பி விளையும் ஏமனும் கைவிட்டுப் போனதும், கருங்கடல் ஓரத்தில் ரிஸேயில் தேயிலை வைத்து, இன்று ஆளுக்கு ஆள் கணக்குப் பார்த்தால் உலகத்திலேயே அதிகம் குடிப்பவர்கள் ஆகிவிட்டார்கள். நோயோ தோல்வியோ வந்து காப்பியை விட்ட பிறகுதான் பாதி உலகம் டீக்கு வந்திருக்கிறது.

இனி மலைக்குத் திரும்புவோம். இங்கே முதலில் குடிப்பது எப்படி என்று சொல்லித்தர ஆள் வரவில்லை. பறிப்பதற்கு மட்டும்தான் ஆள் தேவைப்பட்டது.

சும்மா விட்டால் தேயிலை மரமாக வளர்ந்து நிற்கும். அதை இடுப்பளவுக்குக் கவாத்து செய்து நிறுத்தி, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கொழுந்தைக் கிள்ளுவதற்கு விரல்கள் வேண்டும். திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம் பக்கத்துக் கிராமங்களில் பஞ்சம் இருந்தது, விரல்களும் இருந்தன. கங்காணி என்ற மகானுபாவர் ஊரில் வந்து இறங்கி, முன்பணத்தைக் கையில் திணித்து, மலையில் பொன் விளைகிறது என்றார். மேலே போய்ப் பார்த்தால் அட்டை விளைந்தது, காய்ச்சல் விளைந்தது, முன்பணக் கடன் விளைந்தது. விடியற்காலையில் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்பு, பொழுது சாய்ந்தால் லயம் என்ற வரிசை வீடு. அந்த மலையில் வியர்வைக்கு வரி கிடையாது என்பதொன்றே ஆறுதல்.

1897-இல் ஜேம்ஸ் ஃபின்லே வகையறாவினர் கண்ணன் தேவன் கம்பெனியை ஆரம்பித்தார்கள். விளைந்ததைக் கீழே இறக்க வேண்டுமே? 1902-இல் மூணாறுக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் இடையே ஒரு ரயில் விட்டார்கள். ஒரு சக்கரம் தண்டவாளத்தில், ஒரு சக்கரம் தரையில், முன்னால் இஞ்சினுக்குப் பதில் மாடு. உலகத்திலேயே புல் தின்று ஓடிய ஒற்றைத் தண்டவாள ரயில்களில் அது ஒன்று. 1908-இல் முறையான சின்ன ரயில் வந்தது. டாப் ஸ்டேஷன் வரை ரயில், அங்கிருந்து கயிற்றுவழியில் தேயிலைப் பெட்டிகள் தொங்கிக்கொண்டே தமிழ்நாட்டுக் கொட்டகுடிக்கு இறங்கும், அங்கிருந்து போடி, போடியிலிருந்து தூத்துக்குடி, தூத்துக்குடியிலிருந்து கப்பலில் லண்டன். ராஜா மலையாளி, மலை அவருடையது, ஆனால் தேயிலை இறங்கியதெல்லாம் தமிழ்ச் சீமை வழியாக.

1924 ஜூலையில் மழை பிடித்துக்கொண்டது. மலையாள ஆண்டு 1099 என்பதால் மலையாளிகள் அதைத் தொண்ணூற்றொன்பதாம் வெள்ளம் என்பார்கள். ரயிலை அது துடைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டது. மூணாறு ஸ்டேஷன் கட்டடம் மட்டும் மிஞ்சி, கம்பெனி ஆபீஸ் ஆயிற்று. ரயிலே இல்லாத ஊரில் ஸ்டேஷனில் உட்கார்ந்து கணக்கு எழுதுவது ஒரு தனி சுகமாக இருந்திருக்க வேண்டும். துரைமாருக்குச் சாயங்காலம் ஆனால் கிளப். மூணாறு ஹை ரேஞ்ச் கிளப்பின் பாரில் பழைய துரைமாரின் தொப்பிகளைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறார்கள். பார் என்றால் பார்தான். அங்கே டீ கோப்பை எதையும் நினைவுச் சின்னமாக மாட்டவில்லை.

தொழிற்சாலைக்குள் நடப்பது சுருக்கமாக இது: கொழுந்தை வாட்டி, உருட்டி, புளிக்க வைத்து, உலர்த்தி, கடைசியில் சலிப்பார்கள். சல்லடையின் மேல் நின்ற முழு இலை மின்சிங் லேன் ஏலத்துக்கு லண்டன் போயிற்று. அடியில் விழுந்தது தூள். வெள்ளைக்காரன் தூளைக் கோப்பையில் பார்த்தால் முகம் சுளிப்பான். நமக்கோ அதுதான் கிடைத்தது. கிடைத்ததை என்ன செய்வது? துணி வடிகட்டியில் கொட்டி, கொதிக்கும் வெந்நீரை மேலே விட்டு, செம்மண் நிறத்துக்கு டிகாஷன் இறக்கி, பாலையும் சர்க்கரையும் தாராளமாக விட்டு, ஒரு கையை மேலேயும் ஒரு கையைக் கீழேயும் வைத்து ஆற்றோ ஆற்றென்று ஆற்றினோம். நுரை வந்தது. அவர்கள் கழித்ததை நாம் கொண்டாடியதில் தென்னிந்தியாவே தூள் தேசமாயிற்று. 1947-இல் கொச்சியில் தேயிலை ஏலம் தொடங்கியபோதும் கடைசியில் அங்கே கோலோச்சியது தூள்தான். லண்டன்காரன் இன்று காகிதப் பையில் அடைத்து நூல் கட்டித் தண்ணீரில் முக்குகிறானே, அந்தப் பையைக் கிழித்துப் பாருங்கள். உள்ளே இருப்பதும் நம் தூளின் சொந்தக்காரன்தான். நூறு வருஷம் முகம் சுளித்துவிட்டு நம் வழிக்கே வந்து சேர்ந்திருக்கிறான், கயிறு கட்டிக்கொண்டு.

தூள் தானாக வீடு தேடி வரவில்லை, கூட்டிக்கொண்டு வந்தார்கள். ஏற்றுமதித் தேயிலை மேல் வரி போட்டு விளம்பரம் செய்யலாம் என்று 1903-இலேயே கர்சன் காலத்தில் சட்டம். பிறகு விலை சரிந்தது. 1933-இல் இந்தியா, இலங்கை, டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகள் ஆகியவற்றின் தோட்டக்காரர்கள் கூடி ஏற்றுமதிக்கு அளவு வைத்தார்கள். மிச்சத்தை யார் குடிப்பது? கோடிக்கணக்கில் கோப்பை விற்கக்கூடிய ஒரு நாடு தங்கள் காலடியிலேயே மோர் குடித்துக்கொண்டிருப்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. ரயில் நிலையங்களில் எனாமல் பலகை, சந்தையில் இலவச டீ, வீட்டுக்கு வீடு செய்முறை விளக்கம். ஆளுக்கு ஒரு கரண்டி, கெட்டிலுக்கு ஒரு கரண்டி, பால் தனியாக என்று பாடம் நடத்தினார்கள். ஜனங்கள் தலையாட்டிவிட்டு, இலவச டீயைக் குடித்துவிட்டு, வீட்டுக்குப் போய்க் கரண்டியைக் குறைத்துப் பாலையும் இஞ்சியையும் கூட்டினார்கள். விளம்பரக்காரர்களுக்கு வயிறு எரிந்தது. லூ யூவின் ஆவி ஆயிரம் வருஷம் கழித்து எனாமல் பலகையில் ஏறி வந்தும் பலிக்கவில்லை. காந்தி, தேயிலையில் உள்ள டானின் உடம்புக்கு ஆகாது என்று எழுதினார். அதைப் படித்துவிட்டு அதைப் பற்றி விவாதிக்கத் தேசபக்தர்கள் டீக்கடையில் கூடினார்கள்.

இந்த முழுப் படையெடுப்பையும் தடுத்து நிறுத்திய கோட்டை ஒன்று உண்டென்றால் அது பாலக்காடு. திப்பு கோட்டையைச் சொல்லவில்லை. கல்பாத்தியின் அக்ரகார அடுப்படியைச் சொல்கிறேன். பாலக்காட்டு மாவட்டத்திலும் தேயிலை உண்டு. நெல்லியாம்பதி மலையில் விளைகிறது. மலையடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்க்கலாம். அண்ணாந்து பார்த்துவிட்டுப் பாலக்காட்டு ஐயர் உள்ளே போய்ப் பித்தளை ஃபில்டரில் காப்பிப்பொடியை அமுக்குவார். டெல்லிக்கும் பம்பாய்க்கும் உத்தியோகத்துக்குப் போனாலும் டபரா டம்ளரும் கூடவே போயிற்று. காப்பி மட்டும் ஆதிகாலத்திலிருந்து இருந்ததா என்ன? அதுவும் வெள்ளைக்காரன் பின்னால் வந்ததுதான்; கெடுதல் என்று அதே ஆசாரசீலர்கள் திட்டித் தீர்த்ததுதான். திட்டிக்கொண்டே குடித்தார்கள், குடிக்கக் குடிக்க ஆசாரமாகிவிட்டது. காப்பி போர்டு தன் காப்பி ஹவுஸ்களை மூடியபோது வேலை இழந்த தொழிலாளர்களைச் சேர்த்துக் கூட்டுறவாக்கியவர் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன். கேரளத்தில் முதல் இந்தியன் காப்பி ஹவுஸ் 1958-இல் திருச்சூரில் திறந்தது. அதே ஏ.கே.ஜி. 1971-இல் பாலக்காட்டில் நின்று எம்.பி. ஆனார். கட்டன் சாயாவும் பருப்பு வடையுமாகக் கட்சி வளர்த்தவர்கள்கூடப் பாலக்காட்டு வாசலில் காப்பியோடு வர வேண்டியிருந்தது என்று நாமாக முடிச்சுப் போட்டுக்கொள்ளலாம்.

பாலக்காட்டின் கிழக்குக் கோடியில் சித்தூர்ப் பக்கம் இன்னொரு பானமும் உண்டு. தென்னையில் இறக்கும் கள். தென் கேரளத்துக் கள்ளுக்கடைகளுக்கே இங்கிருந்துதான் வண்டி வண்டியாகப் போகிறது. தமிழ்நாட்டில் கள்ளுக்கு 1987-இலிருந்து தடை. ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் கோபாலபுரம், வேலந்தாவளம் வழியாகச் சில பொள்ளாச்சிக்காரர்கள் திடீரென்று கேரள நண்பர்களின் நலம் விசாரிக்கப் புறப்படுவார்கள். திரும்பி வரும்போது தெளிவதற்கு டீ.

அந்த டீயை யார் போட்டுக் கொடுப்பது? இங்கேதான் இந்த எல்லையின் விசித்திரம். தமிழன் மலையேறிப் போய் மலையாள நாட்டில் கொழுந்து பறித்தான். மலையாளி மலையிறங்கி வந்து தமிழ்நாட்டில் டீ ஆற்றினான். கோயம்புத்தூர், சென்னை, திருச்சி என்று எந்த ஊரிலும் முக்கில் நாயர் கடை. நிலாவில் இறங்கிய ஆர்ம்ஸ்ட்ராங்குக்கே நாயர் டீ கொடுத்தார் என்பது நம்முடைய அறிவியல் வரலாறு. நாயர் கடையில் கேரளத்து நாயரே இருக்க வேண்டும் என்பதில்லை. யார் இருந்தாலும் நாயர்தான். இரண்டு பக்கமும் அவரவர் ஊரில் செய்யக் கூச்சப்பட்ட வேலையை அடுத்தவர் ஊரில் பெருமையாகச் செய்தார்கள்.

கேரளத்துச் சாயக்கடையில் சமோவர் உண்டு. உள்ளே ஒரு நாணயத்தைப் போட்டு வைப்பார்கள். தண்ணீர் கொதித்தால் அது கிடந்து குதித்துச் சத்தம் போடும். ரஷ்யாவிலிருந்து கேரளத்துக்கு வந்து நிலைத்தவை இரண்டு: ஒன்று சமோவர், இன்னொன்று சித்தாந்தம். இரண்டும் சாயக்கடையில்தான் சூடேறின. எல்லை தாண்டித் தமிழ்ப் பக்கம் வந்தால் செம்பு பாய்லர், நெற்றியில் திருநீற்றுப் பட்டை, சாமி படம், எஃப்.எம். ரேடியோ. "ஒரு லைட், ஒரு ஸ்ட்ராங், ஒரு சக்கரை கம்மி" என்று மூன்று பேர் மூன்று மாதிரி கேட்டால் மாஸ்டர் ஒரே மாதிரி மூன்று டீ போட்டு, மூவரும் திருப்தியாகக் குடித்துவிட்டுப் போகும் அற்புதம் இரண்டு பக்கத்துக்கும் பொது.

கிளாஸுக்குள் இருப்பதைப் பாருங்கள். கேரளத்துக் கிளாஸில் பால் தமிழ்நாட்டு மாட்டுடையதாக இருக்கலாம். ஓணம் வந்தால் மீனாட்சிபுரம், குமுளிச் சோதனைச் சாவடிகளில் பாலுக்கென்றே ஆய்வகம் வைத்து, வருகிற டேங்கரையெல்லாம் மறித்துச் சோதிக்கிறார்கள். தமிழ்நாட்டுக் கிளாஸில் தூள் இடுக்கியிலிருந்து வந்ததாக இருக்கலாம், பறித்தது தமிழச்சி. ஏலக்காய் விளைவது இடுக்கியில். ஏலம் போவது போடியிலும் புற்றடியிலும். ஒரு கிளாஸ் டீக்குள் பாதி எல்லைத் தகராறு கரைந்து கிடக்கிறது, சர்க்கரை போட்டதால் தெரிவதில்லை.

எல்லைத் தகராறு நிஜமாகவும் நடந்தது. 1956 நவம்பர் 1-இல் மாநிலங்களைப் பிரித்தபோது கன்னியாகுமரிப் பக்கத் தாலுகாக்களும் செங்கோட்டையும் தமிழ்நாட்டுக்கு வந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. அங்கே தமிழர்தான் அதிகம் என்றால், அவர்கள் தோட்டத்துக்கு வந்துபோகும் ஜனங்கள் என்று பதில் வந்தது. மூன்று தலைமுறையாக வந்துகொண்டே இருந்தார்கள், போனதாக மட்டும் தகவல் இல்லை. மேடாவது, குளமாவது, எல்லாம் இந்தியாவில்தானே இருக்கிறது என்று காமராஜர் சொன்னதாகத் தேனிப் பக்கம் டீக்கடைகளில் இன்றும் சொல்லிச் சொல்லிக் கோபப்படுவார்கள். 1958-இல் தேவிகுளத்தில் இடைத்தேர்தல். கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காகப் பண்ணைப்புரத்திலிருந்து மலையேறிப் பாடியவர் பாவலர் வரதராசன், இளையராஜாவின் அண்ணன். ரோசம்மா ஜெயித்தார். கேரளத்துக் கம்யூனிஸ்ட் அமைச்சரவைக்குத் தமிழ்ப் பாட்டு கைகொடுத்தது. எல்லைக்கோடு போட்டவர்கள் இதை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

கோடு போட்டவர்களின் திறமைக்கு இரண்டு சாட்சி போதும். கொளுக்குமலைத் தேயிலைத் தோட்டம் தமிழ்நாட்டில் தேனி மாவட்டத்தில் இருக்கிறது. ஜீப்பில் போய்ச் சேர வேண்டுமென்றால் கேரளத்துச் சூரியநெல்லி வழியாகத்தான். பரம்பிக்குளம் கேரளத்தில் பாலக்காட்டு மாவட்டத்தில் இருக்கிறது. காரில் போக வேண்டுமென்றால் தமிழ்நாட்டுச் சேத்துமடை வழியாகத்தான். இரண்டு அரசாங்கமும் ஒருவர் வாசலை ஒருவர் வைத்துக்கொண்டிருக்கின்றன.

துரைமார் போனார்கள். டாடா வந்தது. 2005-இல் டாடாவும் ஒதுங்கி, தொழிலாளர்களையே பங்குதாரர்களாக வைத்து மூணாறில் புதிய கம்பெனி உண்டாயிற்று. கொழுந்து பறிக்கும் அம்மாவே கம்பெனியின் முதலாளியும்கூட என்று பேப்பரில் போட்டார்கள். முதலாளியம்மாவின் தினக்கூலி 2015-இல் 232 ரூபாய். அந்த வருஷம் போனஸ் 10 சதவீதம் என்றதும் ஆயிரக்கணக்கான பெண்கள் 20 சதவீதம் கேட்டுக் கூடையை இறக்கிவிட்டு மூணாறு ரோட்டில் வந்து உட்கார்ந்தார்கள். பெம்பிளை ஒருமை என்று பேர். தொழிற்சங்கத் தலைவர்கள் வழக்கம்போல ஆதரவு தெரிவிக்க வந்தார்கள். அவர்களை முதலில் விரட்டினார்கள். பேரம் பேசி வயிறு வளர்த்தவர்கள் மூன்று தலைமுறையில் முதல் முறையாக ஓட்டம் எடுத்ததைப் பார்த்த சுற்றுலாக்காரர்களுக்கு அன்று வரையாட்டைப் பார்க்காத குறை தீர்ந்தது.

ஒன்பதாம் நாள் உடன்பாடு. 8.33 சதவீதம் போனஸ், 11.67 சதவீதம் கருணைத்தொகை. கூட்டிப் பாருங்கள், 20. போனஸாகக் கொடுத்தால் தோற்றதாகிவிடும், கருணையாகக் கொடுத்தால் தோற்றதாகாது என்பது சர்க்கார் கணிதம். அடுத்த மாதம் கூலியும் 301 ரூபாய் ஆயிற்று.

லூ யூ மூன்று சுருள் எழுதினார். ஆர்வெல் பதினொரு விதி எழுதினார். பிரிட்டிஷ் தர நிறுவனம் ஆறு பக்கம். எல்லாமே டீயை எப்படிக் குடிப்பது என்பதைப் பற்றி, குடிப்பவர்கள் எழுதியது. பறிப்பவர்கள் சொன்னது ஒரே ஒரு எண்தான்: இருபது. அது மட்டும்தான் இதுவரை அமலுக்கு வந்த விதி. மற்ற விதிகளைக் கம்பம்மெட்டு மாஸ்டரிடம் காட்டுங்கள். பஜ்ஜி மடிக்க ஆகும்.